கோள அலை எந்தத் தூரத்தில் சமதள அலை ஆகிறது? 10 கிகாஹெர்ட்ஸ் ஹார்ன் அளவீட்டில் வரும் குழப்பம்

நுண்ணலை_மாணவன்:

வணக்கம். 10 கிகாஹெர்ட்ஸில் ஒரு ஹார்ன் ஆன்டெனாவின் (புனல் போல வாய் விரிந்தது) கதிர்வீச்சுப் படிவத்தை, அதாவது எந்தத் திசையில் எவ்வளவு வலு என்ற வரைபடத்தை, எடுக்க வேண்டும். ஹார்னின் வாய் 24 செ.மீ. × 18 செ.மீ., மூலைக்கு மூலை 30 செ.மீ. அனுப்பும் பக்கத்திலும் அதே அளவு ஹார்ன்தான். நீளமான மேசையின் இரு முனைகளிலும் வைத்து, வாய்க்கு வாய் 3 மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். ஹார்னின் மையம் மேசையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில்.

வரைபடத்தில் முதன்மை மடலுக்கும் (நேர் முன்னால் உள்ள பெரிய கற்றை) முதல் பக்கமடலுக்கும் (அதன் பக்கத்துச் சிறு கற்றை) நடுவே ஆழமாக விழவேண்டிய பள்ளம் விழவே இல்லை. பக்கமடல் தனியாகத் தெரியாமல் முதன்மை மடலின் தோளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கெயினும் (ஒரு திசையில் அலையைக் குவிக்கும் அளவு) கணக்கு போட்டதைவிடக் குறைவு. "தூரம் போதாது, உன் ஹார்னுக்கு வருவது சமதள அலை இல்லை" என்கிறார்கள். எனக்குப் புரியாதவை மூன்று:

ஒன்று, அலைநீளம் 3 செ.மீ., 3 மீட்டர் என்றால் 100 அலைநீளம். இதுவே போதாதா?

இரண்டு, கோள அலையின் வீச்சு தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். சமதள அலையின் வீச்சு குறையவே குறையாது. அப்படியிருக்க ஒன்று எப்படி மற்றொன்றாக "ஆகும்"?

மூன்று, புத்தகத்தில் கோள அலையின் சூத்திரத்திலிருந்து சமதள அலையை வருவிக்கும்போது, வீச்சில் கீழே வகுக்கும் தூரத்தை ஒரு மாறிலியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதே தூரம் அடுக்கில் (கட்டத்தைத் தரும் பகுதியில்) வரும்போது மட்டும் கை வைக்க மாட்டேன் என்கிறார்கள். ஒரே தூரத்துக்கு ஒரு இடத்தில் ஒரு நியாயம், இன்னொரு இடத்தில் வேறு நியாயமா?

---

ஆன்டெனா_பட்டறை:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதைக் கணிதக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

100 அலைநீளம் என்ற எண்ணுக்கு இங்கே வேலை இல்லை. பார்க்க வேண்டியது அலைமுகப்பின் புடைப்பு, அதாவது அலையின் முகடு தட்டையாக இல்லாமல் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. மூலத்திலிருந்து வரும் கோள அலைமுகப்பு உங்கள் ஹார்ன் வாயின் நடுவை முதலில் தொடும், மூலைகளைக் கொஞ்சம் தாமதமாகத் தொடும். அந்தப் பின்தங்கலின் அளவு: விட்டத்தின் வர்க்கத்தை 8 மடங்கு தூரத்தால் வகுக்க வேண்டும். 0.3 மீட்டரின் வர்க்கம் 0.09. அதை 24-ஆல் வகுத்தால் 3.75 மி.மீ. அலைநீளம் 30 மி.மீ. என்பதால் இது எட்டில் ஒரு அலைநீளம், அதாவது 45 பாகை கட்ட வேறுபாடு (கட்டம் என்பது அலைச் சுற்றில் எந்த இடம் என்பது; ஒரு முழு அலைநீளம் 360 பாகை). ஆன்டெனாக்காரர்கள் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும் எல்லை 22.5 பாகை, பதினாறில் ஒரு அலைநீளம். புடைப்பு அந்த அளவுக்கு இறங்கும் தூரம்தான் "விட்டத்தின் வர்க்கத்தைப் போல் இருமடங்கு, வகுத்தல் அலைநீளம்" என்ற பிரபலமான சூத்திரம். உங்களுக்கு அது 0.18 ÷ 0.03 = 6 மீட்டர். பாதித் தூரத்தில் நிற்கிறீர்கள்.

மூலம் ஒரு புள்ளியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நீங்கள் அனுப்பும் பக்கத்திலும் 30 செ.மீ. ஹார்ன் வைத்திருக்கிறீர்கள், அதுதான் பெரிய சிக்கல். ஒரு ஹார்னின் மேல் மூலையிலிருந்து எதிர் ஹார்னின் கீழ் மூலைக்குப் பாதை நீளத்தைப் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டு விலகல் 30 செ.மீ. என்பதால் நேர்ப்பாதையைவிட 15 மி.மீ. அதிகம் வரும். அது அரை அலைநீளம், 180 பாகை! மூலைகளில் புலம் வலுவாக இல்லாததால் மொத்தமும் அடிபட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த அளவு ஹார்னின் கெயின் சுமார் 25 டெசிபல், அரைத்திறன் அகலம் (திறன் பாதியாகும் இரு திசைகளுக்கு இடையிலான கோணம்) 9 பாகை பக்கம் வரும். 3 மீட்டரில் உங்கள் ஹார்னின் மூலை நடுக்கோட்டிலிருந்து 2.9 பாகை தள்ளி இருக்கிறது. ஆக மூலைக்குப் போய்ச் சேரும் அலை நடுவைவிட 1 டெசிபலுக்கு மேல் பலவீனம். ஓரத்தில் 0.25 டெசிபலுக்கு மேல் இறங்கக்கூடாது என்பது நடைமுறை வரம்பு.

அனுப்பும் ஹார்னைக் கழற்றிவிட்டு, 22.86 × 10.16 மி.மீ. வேவ்கைடின் (அலையைக் கொண்டுசெல்லும் செவ்வக உலோகக் குழாய்) திறந்த முனையையே அனுப்பியாக வையுங்கள். அதன் கற்றை மிக அகலம் என்பதால் உங்கள் வாய் முழுவதும் ஏறக்குறைய ஒரே வீச்சு கிடைக்கும். இதற்கு விலையும் உண்டு: சிக்னல் 18, 19 டெசிபல் குறையும், மேசை, சுவர், கூரை எல்லாவற்றின் மீதும் அலை தாராளமாகப் படும். அதனால் மேசையை விட்டு இறங்கி, 6 மீட்டர் கிடைக்கும் இடத்தில் தனித்தனி ஸ்டாண்டில் நிறுத்துவதே நல்லது.

பள்ளம் ஏன் நிரம்புகிறது? பள்ளம் என்பது வாயின் ஒரு பகுதியிலிருந்து வருவதை மற்றொரு பகுதி சரியாக ரத்து செய்யும் திசை. ஓரங்கள் 45 பாகை பின்தங்கினால் ரத்தாகாமல் மிச்சம் நிற்கும். முதன்மை மடலின் உச்சிக்கு இது பெரிய அடி இல்லை: சீரான வட்ட வாய்க்கு, புள்ளி மூலம் என்று வைத்தால், 6 மீட்டருக்குச் சமமான நிலையில் 0.06 டெசிபல் இழப்பு, உங்கள் 3 மீட்டர் நிலையில் 0.22 டெசிபல். எனவே கெயினை மட்டும் பார்த்து "தூரம் போதும்" என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கெட்டுப்போவது பள்ளமும் முதல் பக்கமடலும்தான். பக்கமடல் எவ்வளவு தாழ்வாக வடிவமைக்கப்பட்டதோ அவ்வளவு அதிகத் தூரம் வேண்டும்.

---

அலைமுகப்பு:

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கேள்விதான், நண்பரே.

மூலத்திலிருந்து 6 மீட்டரில் ஒரு புள்ளி. அங்கிருந்து 1.5 செ.மீ. பின்னால் நகருங்கள். வீச்சு 6-க்கு 6.015 என்ற விகிதத்தில் குறையும், கால் சதவீதம். எந்த மீட்டரிலும் தெரியாது. ஆனால் கட்டம் 180 பாகை திரும்பிவிட்டது. முகடு இருந்த இடத்தில் இப்போது அகடு. நகர்ந்தது அதே 1.5 செ.மீ.தான். வீச்சு அந்த நகர்வை மொத்தத் தூரமான 6 மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, கட்டம் அதை 3 செ.மீ. அலைநீளத்தோடு ஒப்பிடுகிறது. அளவுகோல் இரண்டும் வேறு என்பதால்தான் ஓரிடத்தில் மாறிலியாக வைக்கலாம், மற்ற இடத்தில் கூடாது. எவ்வளவு தூரம் போனாலும் இது மாறாது. அலைநீளத்தோடு ஒப்பிடும் கணக்குக்கு மொத்தத் தூரம் பொருட்டே இல்லை.

இப்போது அடுக்கில் உள்ள தூரத்தைப் பிரித்துப் பாருங்கள். நோக்கும் இடத்தின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம் + அங்கிருந்து நேராக முன்னே பின்னே நகர்ந்தது + (பக்கவாட்டு விலகலின் வர்க்கம் ÷ இருமடங்கு தூரம்). முதல் உறுப்பு மாறாத ஒரு கட்டம், கவலையில்லை. இரண்டாவதுதான் சமதள அலை. மூன்றாவது, மேலே சொன்ன புடைப்பு. மூன்றாவது உறுப்பு அலைநீளத்துக்கு முன் சிறியதாக இருக்கும் பரப்புக்குள் மட்டும் நீங்கள் பார்ப்பது சமதள அலை.

ஆகவே கோள அலை சமதள அலையாக ஒருநாளும் "ஆவதில்லை". அதன் ஒரு சிறு துண்டு சமதளத்திலிருந்து பிரித்தறிய முடியாமல் போகிறது. பதினாறில் ஒரு அலைநீளம் என்ற அளவுகோலை வைத்தால் அந்தத் துண்டின் ஆரம் = (அலைநீளம் × தூரம் ÷ 8)-இன் வர்க்கமூலம். 6 மீட்டருக்கு 15 செ.மீ. வரும், உங்கள் ஹார்னின் பாதி மூலைவிட்டம். தூரத்தை நான்கு மடங்காக்கினால் துண்டு இரண்டு மடங்குதான் பெரிதாகும். மூலத்திலிருந்து பார்க்கையில் அந்தத் துண்டு அடைக்கும் கோணம் குறைந்துகொண்டே போகும். முழுக் கோளத்தின் பங்காகப் பார்த்தால் சமதளமாகத் தோன்றும் பகுதி சுருங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆழத்திலும் ஒரு எல்லை உண்டு. வீச்சை மாறிலி என்று ஒரு சதவீதத்துக்குள் சொல்ல வேண்டுமானால், தூரத்தில் நூறில் ஒரு பங்கு ஆழத்துக்குள் இருக்க வேண்டும். 6 மீட்டருக்கு 6 செ.மீ. தட்டையான வாய்க்கு இது தொந்தரவில்லை. நீளமான யாகி ஆன்டெனாவை (ஒரு தண்டில் குச்சிகள் வரிசையாக நிற்பது) அளக்கும்போது கவனிக்க வேண்டும்.

ஆற்றல் கணக்கும் இதில் அடங்கிவிடும். சமதள அலைக்கு எல்லையில்லாத ஆற்றல் வேண்டும் என்பது அதை எல்லையில்லாத வெளி முழுக்கப் பரப்பினால்தான். துண்டுக்குள் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால், 1919-இல் ஹெர்மன் வெய்ல் கொடுத்த விரிவு இருக்கிறது. ஒரு கோள அலையை எல்லாத் திசைகளிலும் செல்லும் சமதள அலைகளின் தொகையாக, தோராயம் எதுவும் இல்லாமல், எழுதலாம். கூடவே மூலத்தை விட்டு விலகியதும் தேய்ந்து மறையும் ஒரு கூட்டமும் உண்டு. தொலைவில் ஒரு புள்ளியில் நின்றால், அந்தப் புள்ளியை நோக்கிய திசைக்கு அருகில் உள்ள சமதள அலைகள் மட்டும் ஒரே கட்டத்தில் சேரும். மற்றவை ஒன்றையொன்று அழித்துவிடும். சேரும் திசைகளின் கூம்பு, (அலைநீளம் ÷ தூரம்)-இன் வர்க்கமூலம் அளவு ரேடியன். 6 மீட்டரில் சுமார் 4 பாகை. தூரம் கூடக் கூடக் கூம்பு ஒடுங்கி, கடைசியில் ஒரே திசை, ஒரே சமதள அலை.

---

மைக்_செட்:

விட்டத்தின் வர்க்கச் சூத்திரத்தை எல்லாவற்றுக்கும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வடிவியல் நிபந்தனை மட்டும்தான். சிறிய மூலத்துக்கு அது பொய்யான தைரியம் கொடுக்கும். 2.45 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அரையலை ஆன்டெனாவின் நீளம் சுமார் 6 செ.மீ., சூத்திரம் தரும் தூரமும் 6 செ.மீ.தான்! அங்கே மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம் இன்னும் சமதள அலைக்குரிய 377 ஓமில் நிலைத்திருக்காது. தூரத்தின் வர்க்கத்துக்கும் கனத்துக்கும் எதிர்விகிதத்தில் குறையும் உறுப்புகள் இன்னும் உயிரோடு இருக்கும். அவை அடங்க, தூரம் "அலைநீளம் ÷ 2π"-ஐப் போல் பல மடங்கு ஆக வேண்டும். அதோடு தூரம் ஆன்டெனாவின் அளவைப் போலவும் பல மடங்கு இருக்க வேண்டும். மூன்று நிபந்தனையில் எது பெரிதோ அதை எடுங்கள். கேட்டவரின் ஹார்னுக்கு வடிவியல் நிபந்தனை மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது, அதனால் அங்கே பிரச்சினை தெரியவில்லை.

ஒலியில் இது காதுக்கே கேட்கும். புள்ளி மூலத்தின் ஒலி அழுத்தம் எந்தத் தூரத்திலும் சரியாக எதிர்விகிதத்தில்தான் குறையும், தூரம் இருமடங்கானால் 6 டெசிபல். ஆனால் காற்றுத் துகள்களின் வேகம் அப்படி இல்லை. அதில் கூடுதலாக ஒரு உறுப்பு உண்டு, அருகில் அது மேலோங்கும். 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.43 மீட்டர், அதை 2π-ஆல் வகுத்தால் 55 செ.மீ. அந்தத் தூரத்தில் வேகம் சமதள அலையில் இருக்க வேண்டியதைவிட 3 டெசிபல் அதிகம், கட்டமும் 45 பாகை விலகியிருக்கும். அழுத்தமும் வேகமும் சம பங்கில் கலந்து வேலை செய்யும் கார்டியாய்டு மைக்கை வாயிலிருந்து 5 செ.மீ.-இல் பிடித்தால் 100 ஹெர்ட்ஸ் சுமார் 15 டெசிபல் தூக்கிக் கேட்கும். மேடைப் பாடகர் மைக்கைக் கடித்துக்கொண்டு பாடினால் குரல் கனமாவதற்குக் காரணம் இதுவே. எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும் மைக் அழுத்தத்தை மட்டும் உணர்வதால் அதில் இந்த விளைவு வராது.

---

நுண்ணலை_மாணவன்:

மிக்க நன்றி. வேவ்கைடு முனை கிடைத்துவிடும், 6 மீட்டர் தாழ்வாரமும் இருக்கிறது. இரண்டு துணைக் கேள்விகள். தாழ்வாரம் கிடைக்காத நாளில், 3 மீட்டருக்குள்ளேயே சமதள அலையை உருவாக்க வழி உண்டா? நட்சத்திரங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இருக்காதுதானே?

---

ரேடியோவானம்:

நட்சத்திரத்துக்கு இருக்காது. ஆனால் "வானத்தில் இருப்பதெல்லாம் தொலைவுதான்" என்று எண்ணிவிட வேண்டாம்.

ஊட்டி அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 செ.மீ. சூத்திரத்தில் போட்டால் சுமார் 610 கி.மீ. வரும். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம்கூட அதற்கு "அருகில்"தான். பக்கத்து மலையில் ஒரு டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி அதன் படிவத்தை நேரடியாக அளக்க வழியே கிடையாது. அதனால்தான் இவ்வளவு பெரிய ஆன்டெனாக்களை வானத்திலுள்ள ரேடியோ மூலங்களை வைத்தே சோதிக்கிறார்கள்.

கண்டம் விட்டுக் கண்டம் ஆன்டெனாக்களை இணைக்கும் வி.எல்.பி.ஐ. முறையில் இது உச்சத்துக்குப் போகும். அடிக்கோடு (இரண்டு ஆன்டெனாக்களுக்கும் உள்ள இடைவெளி) 6,000 கி.மீ., அலைநீளம் 3.6 செ.மீ. என்றால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் 13,000 மடங்குக்கு அப்பால் போனால்தான் சமதள அலை என்ற கணக்கு செல்லும். கோள்கள் எல்லாமே அதற்குள் அடக்கம். 20 கோடி கி.மீ. தொலைவில், செவ்வாய்ப் பக்கம் உள்ள ஒரு விண்கலத்தின் சிக்னலுக்கு அந்த அடிக்கோட்டில் புடைப்பு மட்டும் 22.5 மீட்டர், அதாவது 625 அலைநீளம். விண்கலத்தைத் தொடரும்போது சமதள அலைக்கான தாமதச் சூத்திரத்தைப் போட்டால் சிக்னல்கள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. வளைந்த அலைமுகப்புக்கான தாமத மாதிரியைப் போட்டே ஆக வேண்டும். இதில் லாபமும் இருக்கிறது: வளைவை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். சமதள அலை திசையை மட்டும் சொல்லும், தூரத்தைச் சொல்லாது.

ஒளியிலும் ஒரு கணக்கு. 10 மீட்டர் ஆடி, 500 நானோமீட்டர் ஒளி: 4 லட்சம் கி.மீ. நிலா சராசரியாக 3,84,400 கி.மீ.-இல் இருப்பதால் மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் அங்கே யாரும் கவலைப்பட மாட்டார்கள், ஃபோகஸைத் துளி நகர்த்தினால் அந்த வளைவு போய்விடும். ஹார்னில் நகர்த்த ஃபோகஸ் இல்லை, அதுதான் வித்தியாசம்.

---

ஆன்டெனா_பட்டறை:

3 மீட்டருக்குள் வழி இரண்டு உண்டு.

ஒன்று, பரவளைய ஆடி. குவியத்தில் சிறிய ஹார்னை வைத்தால், கோள அலை ஆடியில் பட்டுச் சமதள அலையாகத் திரும்பும். கேட்க எளிது, செய்யக் கடினம். ஆடியின் பரப்பு நூறில் ஒரு அலைநீளத்துக்குள், உங்களுக்கு 0.3 மி.மீ.-க்குள், துல்லியமாக இருக்க வேண்டும். ஆடியின் ஓரத்தில் வளைந்து சிதறும் அலை உள்ளே புகுந்து வீச்சில் நெளிவை உண்டாக்கும். அதற்காகத்தான் ஓரத்தை ரம்பப் பல் போல வெட்டுகிறார்கள் அல்லது பின்னோக்கிச் சுருட்டி விடுகிறார்கள். நல்ல அலை கிடைக்கும் பகுதியைவிட ஆடி இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். ஒரு மாணவர் அளவீட்டுக்காக இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாவது, அருகிலேயே அளந்து கணக்கில் தொலைவுக்குக் கொண்டுபோவது. "அலைமுகப்பு" சொன்ன வெய்ல் விரிவுதான் இதன் அடிப்படை. ஹார்ன் வாய்க்கு 12 செ.மீ. முன்னால் ஒரு தளத்தில் சிறு புரோப்பை (அலையை உணரும் சிறு ஆன்டெனா) 1.5 செ.மீ.-க்கு ஒரு புள்ளியாக நகர்த்தி, வீச்சையும் கட்டத்தையும் பதிவு செய்யுங்கள். படி அரை அலைநீளத்தைத் தாண்டக்கூடாது. 72 செ.மீ. சதுரத்துக்கு 49 × 49, மொத்தம் 2,401 புள்ளிகள். ஃபூரியர் மாற்றம் செய்து, புரோப்பின் சொந்தப் படிவத்தின் விளைவை நீக்கினால் தொலைப்புலப் படிவம் (போதிய தூரத்தில் கிடைக்க வேண்டிய படிவம்) வரும். இந்த அளவுகளில் சுமார் 63 பாகை வரை நம்பலாம், அதற்கு அப்பால் வருவது குப்பை. வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து அளக்கும் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் கருவி இல்லாமல் நடக்காது. புரோப் முன்பின்னாக 1 மி.மீ. பிசகினால் 12 பாகை தவறு. கேபிள் வளைவதால் வரும் கட்ட மாற்றம் தனி.

தாழ்வாரம் இருக்கிறது என்கிறீர்கள், அதையே பயன்படுத்துங்கள். படிவம் எடுக்கும் முன் மூன்று சோதனைகள்.

மேசை அளவீட்டையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், வாங்கும் ஹார்னை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி மீட்டரைப் பாருங்கள். 40 செ.மீ. உயரம், 3 மீட்டர் தூரத்துக்கு மேசைப் பிரதிபலிப்பு இருந்தால் சுமார் 11 செ.மீ.-க்கு ஒரு முழு ஏற்ற இறக்கம் வரும். உச்சிக்கும் அடிக்கும் 1 டெசிபல் வித்தியாசம் என்றால் பிரதிபலித்து வருவது நேரலையைவிட 25 டெசிபல் கீழே என்று பொருள். உங்கள் பக்கமடலும் ஏறத்தாழ அந்த மட்டத்தில்தான் இருக்கும். பிரதிபலிப்பு அதை இருமடங்காக்கவும் செய்யும், காணாமல் ஆக்கவும் செய்யும். தாழ்வாரத் தரையில் இரண்டு ஸ்டாண்டுக்கும் நடுப்பகுதியில் கரி ஊட்டிய நுரைக் கூம்புகளைப் பரப்புங்கள்.

அடுத்து, தூரத்தை மட்டும் 1.5 செ.மீ. முன்பின் நகர்த்துங்கள். அந்த இடைவெளியில் ஒரு சுற்று ஆட்டம் தெரிந்தால் அலை இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே முன்னும் பின்னும் போய்வருகிறது. 7.5 மி.மீ. விலகிய இரண்டு இடங்களில் அளந்து சராசரி எடுத்தால் பெரும்பகுதி அடங்கும்.

கடைசியாக, கெயின் ஏன் குறைகிறது என்பதற்கான சோதனை. 5 முதல் 8 மீட்டர் வரை ஐந்தாறு தூரங்களில் திறனை அளந்து, டெசிபலில் இல்லாமல் மில்லிவாட்டில் எழுதி, 1 ÷ √திறன் என்பதைத் தூரத்துக்கு எதிராக வரையுங்கள். தொலைப்புலத்தில் இருந்தால் நேர்கோடு வரும். வளைந்தால் இன்னும் அருகில் இருக்கிறீர்கள் அல்லது பிரதிபலிப்பு கலக்கிறது. அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது சுழியில் வெட்டாமல், சில சென்டிமீட்டர் எதிர்ப்பக்கத்தில் வெட்டும். ஹார்னிலிருந்து கிளம்பும் கோள அலையின் மையம் வாயில் இல்லை, உள்ளே தொண்டைப் பக்கம் தள்ளி இருக்கிறது; அதனால்தான். உங்கள் பழைய அமைப்பில் இரண்டு ஹார்னிலும் அது 15 செ.மீ. உள்ளே என்று வைத்துக்கொண்டால், நீங்கள் 3 மீட்டர் என்று எழுதியது உண்மையில் 3.3 மீட்டர். மொத்தத்தில் 0.83 டெசிபல், ஒரு ஹார்னுக்கு 0.4 டெசிபல் கெயின் காணாமல் போயிருக்கும். வாய்க்கு வாய் அளந்த தூரத்தோடு அந்த வெட்டுத்துண்டைக் கூட்டி, அதையே கெயின் சூத்திரத்தில் போடுங்கள்.